விட்டு விட்டுப் போட்ட மாத்திரை

குளியலறைக் கதவைத் தாழ் போட்டதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிடுவேன். வாளி நிரம்பி வழிந்தாலும் மூட மாட்டேன். உள்ளே நான் முக்குகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது. இருபது நிமிடம் ஆகும், சில நாள் நாற்பது. கால் மரத்துப்போய், நெற்றியில் வியர்வை அரும்பி, கடைசியில் கோலிக்குண்டு மாதிரி இரண்டோ மூன்றோ விழும். எழுந்து நிற்கும்போதும் உள்ளே ஏதோ பாக்கி உட்கார்ந்திருக்கிற உணர்வு அப்படியே இருக்கும். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தால் கணவர் கேட்பார், "ஆச்சா?"

"ஆச்சு."

பதினான்கு வருடம் இந்த ஒரு பொய்யை ஏறக்குறைய தினமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பதினான்கு வருடமும் என் கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பிசாகோடில், 5 மில்லிகிராம், மலச்சிக்கலுக்குப் போடுகிற மாத்திரை. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, நானே வாங்கிக்கொண்டது. அதைப் போட எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன். நான்கு நாள் பொறுப்பது, ஐந்தாம் நாள் இரவு இரண்டு மாத்திரை. விடியற்காலையில் வயிற்றை யாரோ பிடித்துப் பிழிவதுபோல வலித்து, மூன்று நான்கு தடவை ஓடி, கடைசியில் வெறும் தண்ணீராகப் போய் முடியும். அன்றைக்கு முழுக்க உடம்பு இறகு மாதிரி இருக்கும். அந்த உற்சாகத்தில் ஒரு சபதம்: இனி மாத்திரை கிடையாது, தானாக வரட்டும். மறுநாள் வராது. அதற்கடுத்த நாளும் வராது. பார்த்தாயா, குடல் மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று பயந்து இன்னும் பிடிவாதமாக நிறுத்துவேன். ஐந்தாம் நாள் இரவு, மறுபடி இரண்டு.

இந்தக் கதையைப் பிற்பாடு ஒரு டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்காமல் கேட்டார்: "தண்ணித் தொட்டியக் கவுத்துக் காலி பண்ணிட்டு, மறுநாள் குழாயத் திறந்து தண்ணி வரலையேன்னு அழுதா எப்படிம்மா?"

விஷயம் அவ்வளவுதான். பெருங்குடல் முழுவதையும் ஒரே இரவில் துடைத்து எடுத்துவிட்டால், அது மறுபடி நிரம்பி, 'போகணும்' என்ற உந்துதல் வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நாள் வராமலிருப்பது நோய் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கை நோய் என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை விட்டு விட்டுப் போட்டவள் நான்.

அவரிடம் போவதற்கு முன்னால் வேறொரு மருத்துவரையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்திப்பு ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறீங்க?" என்று கேட்டார். "ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை" என்றேன். பொய். லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். அது ஒரு செயற்கைச் சர்க்கரை, சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்கு வந்து அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவையும் உண்டாக்கும். எனக்கு அந்த வாயுதான் முதலில் வந்தது. வயிறு மத்தளம் போல உப்பி, அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே பாதாளத்திலிருந்து வருவதுபோல் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் சிரப்பைக் கொட்டிவிட்டேன். அவர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். பாதியை மறைத்தவளுக்குப் பாதி வைத்தியம்தான் கிடைக்கும். ஆனால் 'இது வாயு பிடிக்கும், பிடித்தால் அளவைக் குறைத்துப் பாருங்கள், மாற்று மருந்தும் இருக்கிறது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

டாக்டரம்மா முதலில் ஒரு படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். மலத்தின் ஏழு வகை. பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட அளவுகோல், இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒன்று, தனித்தனிக் கட்டிகள். நான்கு, வழவழப்பாக நீளமாக வருவது. ஏழு, வெறும் தண்ணீர். "விரல வச்சுக் காட்டுங்க" என்றார். வாயால் சொல்லக் கூசியதை விரலால் சொல்வது எளிதாக இருந்தது. ஒன்றின் மேல் வைத்தேன். யோசித்து, மாத்திரை போட்ட மறுநாளுக்காக ஏழின் மேலும் வைத்தேன். "நடுவுல ஒண்ணுமே இல்லையா?" என்றார். இல்லை. பதினான்கு வருடமாக நான் ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தேன், நான்கில் நின்றதே இல்லை.

அடுத்து வந்த கேள்விகளில்தான் ஒரு விஷயம் உறைத்தது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பது மட்டும் மலச்சிக்கல் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, இரண்டுமே இயல்புதான். டாக்டர்கள் கணக்குப் பார்ப்பது வேறு சங்கதிகளை: முக்க வேண்டியிருக்கிறதா, கட்டியாக வருகிறதா, முழுசாகப் போகாத உணர்வு இருக்கிறதா, வாசலில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறதா, விரலால் உதவ வேண்டியிருக்கிறதா, வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவா. இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், முதல் ஐந்தில் எது இருந்தாலும் அது நாலு தடவையில் ஒரு தடவைக்கு மேல் நேர வேண்டும், தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதமும் இப்படியே இருந்திருக்க வேண்டும். 2016-ல் வந்த 'ரோம் 4' என்ற வரையறை இது. எனக்கு ஆறும் இருந்தது. ஐந்தாவதைச் சொல்லும்போது நான் ஜன்னலைப் பார்த்தேன், அவர் எழுதிக்கொண்டே, "நிறைய பேர் செய்றதுதாம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

பிறகு குரல் கொஞ்சம் மாறியது. மலத்தில் ரத்தம் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, ரத்தசோகை சொன்னார்களா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா, இந்த மலச்சிக்கல் நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆரம்பித்ததா? இவற்றில் எதற்காவது ஆமாம் என்றால் மாத்திரைப் பேச்சை ஓரம் வைத்துவிட்டு முதலில் குடலுக்குள் பார்க்க வேண்டும். எனக்கு எதுவும் இல்லை. தைராய்டு, சர்க்கரை, கால்சியம் மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தலைவலிக்கு ராத்திரி ஒண்ணு போடுவேன், அவ்வளவுதான்."

அமிட்ரிப்டிலின். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க எனக்கு எழுதிக் கொடுத்தது. நரம்பு சம்பந்தப்பட்ட மாத்திரைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அதை நான் சொல்லவே போகவில்லை. சம்பந்தம் உண்டு: குடலைச் சுருங்கச் சொல்கிற அசிட்டைல்கோலினை அது மட்டுப்படுத்தும். வாய் காய்வதும் இதனால்தான். இந்த வரிசையில் வருகிற மற்றவற்றையும் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குத் தருகிற வெராபமில், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகள், வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான். எல்லாவற்றுக்கும் மேலே மார்ஃபின் வகை வலிநிவாரணிகள். அவற்றின் மயக்கத்துக்கும் குமட்டலுக்கும் உடம்பு பழகிக்கொள்ளும், மலச்சிக்கலுக்கு மட்டும் பழகாது. அதற்கென்றே நலோக்ஸிகால், நால்டிமிடின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன. மார்ஃபின் மூளையில் செய்கிற வேலையைத் தொடாமல் குடலில் செய்கிற வேலையை மட்டும் தடுக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை. தலைவலி மாத்திரையை நரம்பியல் மருத்துவரிடம் பேசி வேறொன்றுக்கு மாற்றினார்கள். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. அமிட்ரிப்டிலின் வருவதற்கு எட்டு வருடம் முன்பே மலச்சிக்கல் வந்துவிட்டதே.

முதலில் எழுதியது ஒரு பொடி. பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350, தினமும் 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து. சில நாடுகளில் இதைச் சீட்டில்லாமலே வாங்கலாம். பெயரைப் பார்த்து ஏதோ தொழிற்சாலைச் சரக்கு என்று மிரண்டேன். 3350 என்பது அதன் மூலக்கூறு எடை. இவ்வளவு பெரியது ரத்தத்தில் போய்ச் சேராது, குடல் வழியாக வந்த மாதிரியே போய்விடும், போகிற வழியில் தன்னோடு வந்த தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாக்களாலும் இதைத் தின்ன முடியாது, அதனால் லாக்டுலோஸ் போல மத்தளம் கொட்டாது.

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நாம் குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாக நாளொன்றுக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடுகிறது. பெருங்குடலுக்கு வருவது சுமார் ஒன்றரை லிட்டர். அதையும் உறிஞ்சி, கடைசியில் வெளியே போவது 100 முதல் 200 மில்லி. கோலிக்குண்டுக்கும் நல்ல மலத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசிச் சில மடக்குத் தண்ணீர்தான். 'நிறையத் தண்ணி குடி' என்று நான் கேட்காத நாள் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனவருக்கு அது உதவும். எனக்கு, குடித்ததெல்லாம் சிறுநீராகப் போனது. தண்ணீர் வாய்க்குள் போவது பிரச்சினையாக இல்லை, குடலுக்குள் தங்காததுதான் பிரச்சினை.

பொடியை ஆரம்பித்து இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பழக்கதோஷம், கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். மூன்றாம் நாள் காலை, படத்தில் மூன்று. ஐந்தாம் நாள், நான்கு! எட்டிப் பார்த்து நின்றதைச் சொன்னால் சிரிப்பீர்கள், கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது வாரம் என்ன செய்தேன் தெரியுமா? நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"சரியாயிடுச்சே டாக்டர். காலம் பூரா மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்க முடியுமா?"

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

சாப்பிடுகிறார். ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு நாள் தவறாமல். குப்பி சாப்பாட்டு மேசையின் நடுவில் இருக்கும். விருந்தாளி வந்தாலும் எடுத்து ஒளித்ததில்லை. என்னுடையது கைப்பையின் உள்ஜிப்பில். நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

குடல் பழகிவிடும் என்கிற பயத்தைப் பற்றித் தனியாகக் கேட்டேன். எல்லோருக்கும் இருக்கிற பயம் இது. பொடி குடலைத் தூண்டுவதே இல்லை, தண்ணீரைப் பிடித்து வைப்பதோடு சரி, பழகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்றார். பிசாகோடில், சென்னா போன்ற தூண்டுகிற மருந்துகள்கூட, சொன்ன அளவில் எடுத்தால் குடல் நரம்பைக் கெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாதாம். சென்னாவை நெடுநாள் எடுத்தால் குடலின் உட்சுவர் கறுக்கும், நிறுத்தினால் அந்த நிறம் மாறும், அது ஆபத்தில்லை. ஆனால் பிசாகோடிலை நன்றாகச் சோதித்துப் பார்த்ததெல்லாம் நான்கு வார அளவுக்குத்தான். அதனால் 2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைக் குறுகிய காலத்துக்கோ, மற்றது கைவிட்ட நாளில் கைகொடுக்கவோ வைத்துக்கொள்ளச் சொல்கிறது. என் தவறு பிசாகோடிலை எடுத்தது அல்ல. கடைசித் துணையாக இருக்க வேண்டியதை ஒற்றைத் துணையாக வைத்திருந்தது.

மறுபடி பொடி. மூன்று மாதம் ஒழுங்காக. வாரத்துக்கு இரண்டு மூன்று நல்ல நாள், மற்ற நாள் பழைய பாட்டு. அளவைக் கூட்டினால் வயிறு கலகலத்தது, குறைத்தால் கட்டியது. அப்போதுதான் அடுத்த படிக்கட்டு பற்றிப் பேச்சு வந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்துகள். இவற்றில் எது 'ஸ்ட்ராங்' என்று கேட்டேன். தப்பான கேள்வி. ஒவ்வொன்றும் குடலின் வெவ்வேறு கதவைத் தட்டுகிறது. எது பலமாகத் தட்டுகிறது என்பதல்ல, எந்தக் கதவு என்பதுதான் பேச்சு.

புரூகலோப்ரைட் குடலின் அசைவைத் தட்டி எழுப்புகிறது. உடம்பிலுள்ள செரடோனின் என்ற தூது ரசாயனத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அந்தச் செரடோனின் உட்காருகிற ஓர் ஏற்பியை இது தூண்டிவிட, குடல் அலை அலையாகச் சுருங்கி உள்ளே இருப்பதைத் தள்ளும். இதே வழியில் முன்பு வந்த சிசாப்ரைடு இதயத் துடிப்பைக் குலைத்ததால் 2000-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. டெகாசெராடும் இதய பயத்தால் 2007-ல் நிறுத்தப்பட்டது. புரூகலோப்ரைட் குறி தப்பாமல் அந்த ஒரு ஏற்பியை மட்டும் பிடிப்பதால் தேறியது. ஐரோப்பாவில் 2009-ல் அனுமதி, அமெரிக்காவில் 2018 டிசம்பரில். ஒரு வேடிக்கை, ஐரோப்பாவில் முதலில் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள், ஆண்களுக்கு 2015-ல்தான். சோதனையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால். எங்களை வைத்துச் சோதித்து எங்களுக்கு முதலில் கொடுத்த மருந்து, சந்தோஷம். ஆனால் அதன் முதன்மையான பக்கவிளைவு தலைவலி, அதுவும் முதல் சில நாளில். மன நிலையில் மாற்றம் தெரிகிறதா என்றும் கவனிக்கச் சொல்வார்கள். ஒற்றைத் தலைவலிக்காரியான என்னைப் பார்த்து டாக்டரம்மா, "இத இப்போதைக்கு வேண்டாம்" என்று நகர்த்தி வைத்தார். லூபிப்ரோஸ்டோன் என்ற இன்னொரு மருந்து குமட்டும், சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அதுவும் நகர்ந்தது.

மிஞ்சியது லினாக்ளோடைட். இதன் கதையைக் கேட்டு வாய் பிளந்தேன். பயணம் போகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கை வரவழைக்கும் ஒரு வகை ஈ. கோலை பாக்டீரியா இருக்கிறதே, அது ஒரு நச்சைச் சுரக்கிறது. குடல் சுவரில் ஒரு பூட்டு, அந்த நச்சு அதற்கொரு கள்ளச்சாவி. திறந்தால் குளோரைடும் பைகார்பனேட்டும் குடலுக்குள் கொட்டும், உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். அசல் சாவியும் நம் உடம்பிலேயே இருக்கிறது, குவானிலின், யூரோகுவானிலின் என்று இரண்டு ஹார்மோன்கள். லினாக்ளோடைட் அந்தக் கள்ளச்சாவியைப் பார்த்துச் செய்த சாவி. 14 அமினோ அமிலம் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி. ரத்தத்தில் ஏறுவது இல்லை என்கிற அளவுக்குத்தான், வேலை முழுக்கக் குடலின் உள்பக்கத்தில். இதன் பங்காளி பிளெக்கானடைட் யூரோகுவானிலினைப் பார்த்துச் செய்தது. ஊரையே ஓட வைத்த திருடனிடமிருந்து பூட்டுத் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்!

"அப்ப நிச்சயம் கேக்கும் இல்லையா?"

அவர் சட்டென்று ஆமாம் சொல்லவில்லை. 2011-ல் வெளிவந்த இரண்டு பெரிய சோதனைகளின் எண்ணைச் சொன்னார். வாரத்துக்கு மூன்று தடவையாவது முழுமையாகப் போக வேண்டும், முன்பைவிட ஒன்றாவது கூட வேண்டும், பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது வாரம் அப்படி இருக்க வேண்டும். இந்தக் கறார் அளவுகோலில் 145 மைக்ரோகிராம் எடுத்தவர்களில் தேறியவர்கள் ஒரு சோதனையில் 21 சதவீதம், இன்னொன்றில் 16. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 3, 6. "வித்தியாசம் பெருசு. ஆனா அஞ்சுல ஒருத்தர்தான் அந்தக் கோட்டத் தாண்டறாங்க. அதுக்குக் கீழ பாதி நிம்மதி கிடைக்கிறவங்க நிறைய." எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் விளம்பரம் போலப் பேசாமல் எண்ணை முன்னால் வைத்த முதல் ஆள் அவர்தான் என்பதால் நம்பிக்கையும் அங்கேதான் வந்தது.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கேப்ஸ்யூல், அரை மணி கழித்துச் சாப்பாடு. 145-ல் ஆரம்பித்தேன். முதல் நாள் பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் ஒரு விரிதாளைத் திறந்து வைத்திருந்தேன். வயிற்றில் லேசாக ஒரு புரளல். வலி இல்லை, பிசாகோடில் பிழிகிற அந்தப் பிழிச்சல் இல்லை, ஏதோ மழைத் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு ஓட்டம். எழுந்தேன். நடந்தேன். பிறகு நடக்கவில்லை, ஓடினேன். அன்று நான்கு தடவை. மறுநாளும் நான்கு. மூன்றாம் நாள் விடுப்பு. சோதனைகளில் இந்த அளவு எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு வந்ததாம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பழைய நானாக இருந்திருந்தால் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, 'இது எனக்கு ஒத்துக்கலை' என்று தீர்ப்பு எழுதியிருப்பேன். இந்தத் தடவை போனை எடுத்தேன். இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி, பிறகு 72 மைக்ரோகிராமுக்கு இறக்கினார். ஒரே மருந்து, பாதி அளவு. அது ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொண்டது என்றால், மலம் இளகியது. படத்தில் நான்கு, சில நாள் ஐந்து. ஆனாலும் முழுசாகப் போகாத அந்த உணர்வு மட்டும் அசையவே இல்லை. இளகின மலத்துக்கும் முக்கினேன். யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான், இளகி வருவதை எதற்கு முக்க வேண்டும்?

டாக்டரம்மாவுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. மருந்தையெல்லாம் நிறுத்தி வைத்து ஒரு கேப்ஸ்யூல் விழுங்கக் கொடுத்தார். உள்ளே எக்ஸ்ரேயில் தெரியும் 24 குட்டி வளையங்கள். ஐந்தாம் நாள் படம் எடுத்துப் பார்த்தால் ஐந்துக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது. எனக்கு ஒன்பது. அந்த ஒன்பதும் குடல் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை, அத்தனையும் அடியில், வாசலுக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி. "வண்டி இது வரைக்கும் ஒழுங்கா வருது. இங்க வந்து நின்னுடுது" என்றார்.

அடுத்த சோதனையை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இதைப் படித்து யாராவது ஒருவர் போனால் போதும். இடது பக்கமாகப் படுக்க வைத்து, மலக்குடலுக்குள் மெல்லிய குழாயில் ஒரு சின்ன பலூனை வைத்து, 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினார்கள். பிறகு திரைக்குப் பின்னால் கம்மோடில் உட்காரச் சொல்லி, "தள்ளுங்க" என்றார் சோதனை செய்த பெண். கையில் ஸ்டாப்வாட்ச். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். நான் தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பதினான்கு வருட அனுபவத்தை எல்லாம் திரட்டித் தள்ளினேன். திறந்துவிடக் குழாய்கூட இல்லை. மூன்று நிமிடம் கழித்து, "போதும்மா, வந்துடுங்க" என்று அவரே தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். அழுத்தம் அளக்கிற இன்னொரு கருவியில் காரணம் கோடாகத் தெரிந்தது. நான் தள்ளும்போது தளர வேண்டிய தசை, தளராமல் இறுகியது. கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே வெளியே தள்ளுகிறேன்.

இதற்கு மருந்து இல்லை. நான் கேட்டேன், எந்த மாத்திரையும் இல்லையா என்று. இல்லை. பயிற்சிதான். திரையில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எதை இறுக்குகிறோம், எதைத் தளர்த்துகிறோம் என்று தசைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. ஆறு வாரம் போனேன். வயிற்றை உப்பி மூச்சு விட, பாதத்தைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து முன்னால் சாய, பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராமல் எழுந்துவிட. சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், காலையில் அந்த அசைவு இன்னும் பலம். அந்த நேரத்தைத் தவறவிடாமல் போய் உட்கார. நாலாவது வாரத்தில் கோடு ஒரு தடவை கீழே இறங்கியது. அந்தப் பெண் கைதட்டினார். ஒரு நாற்பத்தாறு வயதுக்காரி எதற்கெல்லாம் கைதட்டல் வாங்குகிறாள் பாருங்கள்.

இதை முன்பே பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். மருந்து கொடுத்துப் பார்த்து, அதிலும் மீதி நின்றால்தான் இந்தச் சோதனைக்குப் போவது வழக்கம் என்றார். நியாயம்தான். இருந்தாலும் நோயாளி என்கிற முறையில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது: முழுசாகப் போகாத உணர்வையும் விரல் வைப்பதையும் சொல்லும்போதே இந்தச் சந்தேகத்தைக் கூடவே எழுதி வைக்கலாம். மாத்திரை மாற்றி மாற்றிப் பத்து வருடம் ஓட்டியவர்களை அந்தப் பயிற்சி அறையின் வரவேற்பறையில் பார்த்தேன்.

இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பீர்கள். லினாக்ளோடைட் 72 தினமும். இரண்டு நாள் கட்டினால் பொடி ஒரு வேளை. மூன்று நாள் முழுசாகப் போகவில்லை என்றால் மட்டும் பிசாகோடில், அதுவும் இந்த வருடத்தில் இரண்டு தடவைதான் எடுத்தேன். இது என் சீட்டு, உங்களுடையது வேறாக இருக்கும். உதாரணமாக, மலமிளக்கியில் மெக்னீசியம் சேர்ந்த சிலவற்றைச் சிறுநீரகம் பலவீனமானவர்கள் தொடவே கூடாது.

குறை தீர்ந்துவிடவில்லை. வெளியூரில் தங்கினால் முதல் இரண்டு நாள் வராது. முக்காலி இல்லாத குளியலறையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

லினாக்ளோடைட் ஈரத்தைத் தாங்காது. எனக்கு வந்த குப்பியில் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்கிறது. அதை எடுக்கக் கூடாது, கேப்ஸ்யூல்களை வேறு டப்பாவுக்கும் மாற்றக் கூடாது. அட்டையாக இருந்தால் ஜிப்புக்குள் நுழையும், குப்பி நுழையாது. அதனால் அது சாப்பாட்டு மேசையின் நடுவில், தைராய்டு குப்பிக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் இருவரும் ஆளுக்கொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட இன்னும் அரை மணி இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். பிறகு நான் எழுந்து போவேன். குழாயைத் திறப்பதில்லை.

"ஆச்சா?" என்று இப்போதும் கேட்கிறார்.

"இன்னைக்கு இல்லீங்க" என்றேன் நேற்று.

"சரி, நாளைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.